நாலு விரல் உயரம்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பனி. கன்டெய்னர் லாரிகள் ஏழு மணிக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டே போயின. மாடிக் கொடியில் துணியெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பல். மறுபடி அலசினேன்.

நேற்றுதான் இந்த வீட்டுக்குள் கடைசிக் கருவாடு. மருமகள் ஷர்மிளா மூக்கில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தை, ப்ளீஸ். கப்போர்டுக்குள்ள கூட வாசனை ஏறிடுது. என் ஆபீஸ் பேக்ல வருது."

இரண்டு வருஷம் முன்னால் என் அடுப்படியை இடித்து, ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை அலமாரிகள் மாட்டினாள். என் அம்மி இப்போது துளசிச் செடிக்கு முட்டு. வீடு என் பேரில். அடுப்பு எனக்கு இல்லை.

முடிவு செய்துவிட்டேன். கிணற்றடிக்கும் பின்சுவருக்கும் நடுவில் வெளி அடுப்படி. வேண்டியவை:

- விறகடுப்பு, பக்கத்தில் அதே தீயில் வேகும் கொடியடுப்போடு. நின்று சமைக்கும் மேடைமேல். முழங்கால் போய்விட்டது, குந்த முடியாது.
- மீன் அலசத் தொட்டி. தண்ணீர் நிற்காத வாட்டம்.
- மேலே தகரக் கூரை. சாம்பல் குழம்பில் விழக்கூடாது.
- அம்மி பதிக்க இடம்.
- ஷர்மிளா எட்டிப் பார்க்க முடியாத தடுப்பு. விளையாட்டுக்கு எழுதவில்லை.

மகன் பாபுவிடம் சொன்னேன். கன்டெய்னர் யார்டில் முப்பது பேரை அதட்டுகிறவன். வீட்டில் இரண்டு பொம்பளைகளுக்கு நடுவே கொடியில் போட்ட துண்டு மாதிரி ஆடுவான்.

"நல்ல மேஸ்திரியா பாக்கறேன்மா."

"நீ பாக்க வேணாம். கூட்டியா. நான் பாத்துக்கறேன்."

இந்த டைரி மளிகைக் கடையில் கொடுத்தது. நான் ஐந்தாவதுதான். ஆனால் இந்த வீட்டில் பிழையில்லாமல் ஒரு பக்கம் தமிழ் எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. ஷர்மிளாவுக்கு எழுத்துக்கூட்டவே அரை நாள். பூட்டி வைக்கத் தேவையில்லை.

பிப்ரவரி 5, புதன்

வெயில். மணலி ஆலைகள் பக்கமிருந்து வாடை, ஜன்னல் சாத்தினேன்.

முதல் காண்டிராக்டர் வந்தான். தலையில் கண்ணாடி, கையில் பெரிய போன்.

"பாருங்கம்மா, ஃபாரின் மாடல். இங்க கறி சுடற அடுப்பு, இங்க கவுண்டர், சுத்தி ஒசரமா ஸ்டூல்."

"ஸ்டூல் இன்னாத்துக்கு?"

"கெஸ்ட் உக்காந்து பேசிகினே சாப்புட."

"என் வூட்டுக்கு வர்றவங்களுக்குத் தரை கீது. நீ விறகடுப்பு கட்னுக்கிறியா?"

"விறகுலாம் யாரும்மா இப்ப? கேஸ்தான்."

"உங்கம்மா இன்னாத்துல ஆக்கிப் போட்டு உன்ன வளத்தா?"

"கேஸ்லதாம்மா."

"அதான் பாதி வேக்காடா கீற. கெளம்பு."

மாலையில் இரண்டாவது ஆள். வாஸ்து பார்ப்பானாம். முருங்கை மரத்தை வெட்ட வேண்டும், கிணற்றை மூட வேண்டும், சுவரைத் தள்ள வேண்டும். பேசிக்கொண்டே வெற்றிலைச் சாற்றைக் கிணற்றடியில் துப்பினான். கழுவிவிட்டுப் போகச் சொன்னேன். கழுவினான். அப்புறம் போகச் சொன்னேன்.

பாபு தலையைச் சொறிந்தான். "உனக்கு யார்தாம்மா புடிக்கும்?"

முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

இடம் ஒழிக்கும் வேலை. பரண், பின் கொட்டகை இரண்டும் காலி செய்தேன். இருந்தவை: ஈயம் போன அண்டா ஒன்று. உடைந்த தொட்டில் கம்பு. அவர் துறைமுகத்துக்குப் போட்டுப் போன பூட்ஸ், எலி கடித்தது. பித்தளைச் சொம்பு, விளிம்பு நசுங்கியது. மணைப்பலகை ஒன்று, வேங்கை மரம், சொல்லிச் செய்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

மணை வ. கல்யாணத்துக்கு என்று செய்தது. வ. என் பெண். முழுப் பேரை எழுதுவதில்லை, மை தண்டம்.

ஏழு வருஷம். துறைமுகத்தில் நிரந்தர வேலை பார்க்கும் மாப்பிள்ளை, நிச்சயம் முடிந்து பத்திரிகை அடித்தாயிற்று. எங்கள் ஜனம் இல்லாத ஒரு கொத்தனாரைப் பதிவு செய்துகொண்டு மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றாள். கையில் இருந்த சொம்பை எறிந்தேன். அவளைப் பார்த்துத்தான் எறிந்தேன். அவன் குறுக்கே வந்தான். இடது புருவம் பிளந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கிணற்றடியில் தலை முழுகினேன், இழவுக்கு முழுகுவது போல. தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் முழுகினேன்.

அவள் அப்பன் அந்த வருஷமே போனார். சாவுக்கும் அவளை உள்ளே விடவில்லை. தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போனாளாம்.

மணை விறகுக்கு ஆகும். வெட்டத்தான் ஆள் வேண்டும். கொட்டகை ஓரமாகச் சாத்தி வைத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பனி இல்லை. கறி எடுக்கவில்லை.

பத்து மணிக்குப் பாபு மூன்றாவது மேஸ்திரியைக் கூட்டி வந்தான். "குமாருன்னு பேருமா. எர்ணாவூர்ல நல்ல வேலை பண்ணிக்கிறாரு." சொல்லும்போது பாபுவின் காது சிவந்தது. சின்ன வயசிலும் திருடித் தின்றால் அப்படித்தான் காது சிவக்கும்.

மேஸ்திரி நிமிர்ந்தான். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. முடி முளைக்கவில்லை அந்த இடத்தில்.

என் கைவேலை எனக்குத் தெரியாதா?

ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவனைத் தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தேன். உடம்பு இறுகியிருக்கிறது. தலையில் இரண்டு நரை. இடத்தைக் காட்டினேன். தலையாட்டினான். காலடியால் அளந்தான். மண்ணை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். வேலை தெரிந்தவன்தான், அதைப் பொய் சொல்ல மாட்டேன்.

மதியம் ஜன்னல் வழியாகக் கேட்டது. ஷர்மிளாவின் குரல்.

"அத்தைக்கு ஆளைத் தெரியலை. நான் சொன்னேன்ல? ஏழு வருஷம் ஆச்சு, ஒரே ஒரு தடவை பார்த்த முகம்."

பாபு: "தெரிஞ்சா வெட்டிப் போட்ரும்."

"வேலை நல்லா முடியட்டும். புது அடுப்புல பால் காய்ச்சணும்ல? வீட்டுப் பொண்ணுதானே காய்ச்சணும். அன்னிக்கு வசந்தி அக்காவைக் கூட்டிட்டு வருவோம். கல்லு கூட கரையும்."

கல் நான்தான். சரி. இந்த நாடகத்தில் எனக்கும் ஒரு வேஷம் கொடுத்துவிட்டார்கள். நன்றாகவே ஆடுவேன்.

பிப்ரவரி 10, திங்கள்

மேஸ்திரிக்குக் கட்டளைகள். வாசலில் முக்கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத்தான் போய்ச் சொன்னேன்.

- முன்வாசல் கிடையாது. பின் சந்து வழி.
- கிணற்று வாளி தொடக் கூடாது. குடிக்கத் தண்ணீர் அவர்களே கொண்டு வரட்டும்.
- டீ கொடுப்போம், பேப்பர் கப்பில். கப்பை அவர்களே எடுத்துப் போட வேண்டும்.
- வீட்டுக்குள் நிழல் விழக் கூடாது.

"சரிம்மா" என்றான்.

"அம்மா கிம்மாலாம் வேணாம். உனக்கு நான் அம்மா இல்ல. வூட்டுக்காரம்மான்னு கூப்டு."

"சரிங்க, வூட்டுக்காரம்மா."

கொல்லைக் கதவுக்குப் பின்னால் ஷர்மிளா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் பரம சுகம். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 12, புதன்

கடைக்கால் எடுத்தார்கள். கூட ஒரு சித்தாள், கன்னியம்மா. முகத்துவாரக்குப்பம். பெரிய வாய். வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா ஆயா, மேஸ்திரிய இப்டி முறைக்கற? உன் நகைய எட்த்துகினு ஓடிட்ட மாதிரி."

மண்வெட்டியோடு குனிந்திருந்தவன் நிமிரவே இல்லை.

"நகை போனா வேற வாங்கிக்கலாம்" என்றேன். கன்னியம்மா சிரித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

பதினொன்றுக்கு மேஸ்திரி டேப்பை எடுத்துக்கொண்டு வந்தான்.

"மேடை ஒசரம் பாக்கணும். சமைக்கிறவங்க செவுத்தோரமா நின்னு கையை மடக்கணும். முழங்கைக்கு நாலு விரல் கீழ வெச்சாதான் தோள் வலிக்காது."

"தள்ளி நில்லு. உன் டேப்பு என் மேல படக் கூடாது."

"கன்னியம்மா அளக்கட்டும்."

"அவளும் வேணாம். உலகத்துல எத்தினி மேடை கட்னுக்கிற? எல்லாத்துக்கும் பொம்பளைய நிக்க வெச்சா அளந்த?"

"ஆமாங்க. எல்லாத்துக்கும்."

"இதுக்கு வேணாம். தெரிஞ்ச அளவுல கட்டு."

என்னையே பார்த்தான். அந்தத் தழும்பு வேர்த்திருந்தது. "தெரிஞ்ச அளவுல கட்டிர்றேன்" என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டினான்.

அடுப்பு வாய் பற்றியும் பேச்சு. பதினொரு மணிக்கு மேல் கிழக்கிலிருந்து கடல் காற்று வரும், அதனால் வடக்குப் பார்த்து நின்று சமைக்கிற மாதிரி வைக்கலாம் என்றான். கிழக்குப் பார்த்துச் சமைப்பதுதான் முறை என்றேன். புகை முகத்தில் அடிக்குமே என்றான். அடுப்பு யாருடையது என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டான்.

பிப்ரவரி 15, சனி

சுவர் இடுப்பளவு. ரசமட்டம் வைத்து ஒவ்வொரு வரிசையும் பார்க்கிறான். நானும் என் ஊன்றுகோலை வைத்துப் பார்த்தேன், குறை கண்டுபிடிக்க. இல்லை. எரிச்சல்.

தொட்டி வாட்டம் மட்டும் சரியில்லை என்று சொல்லி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். நசுங்கிய அதே சொம்பு. தேடிப்பிடித்து எடுத்துப்போனேன். தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் ஓடியது. அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை, சொம்பைப் பார்த்தான். பிறகு கரணையைக் கழுவப் போய்விட்டான்.

மூன்று மணிக்கு டீ. அவன் பின் சந்தில் நின்று குடித்தான். கன்னியம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து சப்பென்று உட்கார்ந்தாள், வெட்கமே கிடையாது.

"ஆயா, மேஸ்திரி பொண்ணு போட்டோ அவரு போன்ல பாத்தேன். ஒண்ணாவது படிக்கிது. உன் மூஞ்சி அப்டியே கீது ஆயா! இந்த மூக்கு, இந்த மொறைப்பு. யாரும் சொல்லிக் குட்காமலே வந்துக்கிது பாரேன்."

"மூக்கு எல்லார் மூஞ்சிலயும்தான் கீது. போய் வேலையப் பாரு."

உள்ளே வந்துவிட்டேன். கண்ணாடியில் மூக்கைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் விசேஷமில்லாத மூக்கு.

தைலம் இன்னும் வாங்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கடப்பா கல் போட்டு மேடை முடிந்தது. மேலே அடுப்பும். மண், உமி, கொஞ்சம் சிமெண்ட், செங்கல். கொடியடுப்பு அழகாக வந்திருக்கிறது. ஒரு நாள் காய்ந்தது போதும் என்று இன்று எரித்துப் பார்க்கச் சொன்னேன்.

பன்னிரண்டு மணி. நான் கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கன்னியம்மா விறகைத் தள்ளினாள். கடல் காற்று ஒரு வீச்சு. புகை மொத்தமும் அவள் மூஞ்சியில். "அடக் கடவுளே, கண்ணு போச்சு!" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

நான் எழுந்தேன்.

"இன்னா கட்டி வெச்சிக்கிற? அடுப்பா, கொசுக்குப் போடற மூட்டமா?"

அவன் சொல்லியிருக்கலாம், நீங்கள்தானே கிழக்குக் கேட்டீர்கள் என்று. கன்னியம்மாவும் சாட்சி. சொல்லவில்லை.

"மாத்திக் கட்டிர்றேங்க. வடக்கால."

"இத இப்பவே உடை."

"சூடு ஆறட்டுங்க. செங்கல் கொதிக்கிது."

"ஆற வரைக்கும் எவன் காத்துகினு கீறது? இப்பவே."

பாபு வீட்டில்தான் இருந்தான், ஷிப்ட் மாற்றம். "அம்மா, வேணாம்மா" என்றான். நான் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். முப்பது பேரை அதட்டுகிறவன்.

மேஸ்திரி சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு உடைத்தான். ஒவ்வொரு கல்லாக. நடுவில் சாக்கு கருகிற வாடை வந்தது. கல்லைக் கீழே போட்டுவிடவில்லை, அடுக்கினான். கன்னியம்மா முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை. போகும்போது மட்டும் என் பக்கம் வந்து, "நீ இன்னா மனுஷி ஆயா" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

அவன் உள்ளங்கையில் கொப்புளம், இரண்டு கையிலும். தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். கொல்லைக் கதவு வரை போனேன். திரும்பி வந்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

இரவுச் சாப்பாடு தோசை. யாரும் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 19, புதன்

மேஸ்திரி வரவில்லை. கை.

சாம்பல் அதிகம். கடப்பா கல்லைத் துடைத்தேன். இன்னொரு தடவை துடைத்தேன்.

பிப்ரவரி 22, சனி

நேற்றும் முந்தாநாளும் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து வடக்குப் பார்த்து அடுப்பைக் கட்டி முடித்தான். இன்று மதியம் எரித்தார்கள். புகை மேற்கே சுவர் ஓரமாகப் போய்ச் சந்தில் கலைந்தது. ஒரு துளி முகத்துக்கு வரவில்லை.

குறை சொல்ல ஒன்றுமில்லாததால் நானே சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அடுப்பில் வைத்தேன்.

கை தோள் உயரத்துக்குப் போனது. சட்டிக்குள் இருப்பது தெரியவில்லை. கரண்டியைப் போட்டால் முழங்கை தூக்கிக்கொண்டு நிற்கிறது. உயரம். நாலு விரலாவது அதிகம்.

"இன்னா ஒசரம் இது? யாருக்குக் கட்ன?"

அவன் கொப்புளக் கையைத் துணியோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"அளவு குட்கல நீங்க. தெரிஞ்ச அளவுன்னு சொன்னீங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே அளவுதாங்க."

கன்னியம்மா சிமெண்ட் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வ. அப்பனைப் போல நெட்டை. பதினைந்து வயசிலேயே என்னைத் தாண்டிவிட்டாள். பழைய அடுப்படியில் குனிந்து குனிந்து நின்று, "இன்னாமா இது, சித்திரக்குள்ளனுக்குக் கட்ன அடுப்பு, எனக்கு இடுப்பு ஒடியுது, எனக்குன்னு ஒரு நாள் ஒசரமா கட்டிக் குடு" என்பாள். கரண்டியாலேயே போட்டிருக்கிறேன் அதற்கு. கட்டித் தருகிறேன் என்று அவள் அப்பன் சொல்வார். கட்டவில்லை.

உடைக்கச் சொல்லலாம். ஒரு வார்த்தை போதும், உடைத்துவிடுவான். கல்லைத் தடவிப் பார்த்தேன். ஓரம் கை கிழிக்காமல் வழவழவென்று தேய்த்திருக்கிறான்.

"மேஸ்திரி."

"சொல்லுங்க."

"அடுத்த வாரம் ஞாயிறு பால் காய்ச்சறோம். வளர்பிறை, ஏழரைக்கு. உன் சம்சாரத்தக் கூட்டியா."

அவன் தலையை ஆட்டினான். கரணையை எடுக்கக் குனிந்தவன் நிமிர வெகுநேரம் ஆனது.

ஏன் சொன்னேன் என்று எழுதத் தேவையில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

கூரை முடிந்தது. அம்மியைத் துளசியிடமிருந்து மீட்டுப் பதித்தாயிற்று. மேஸ்திரி பாட்டுப் பாடுகிறான் வேலை நடுவில். கேட்கச் சகிக்கவில்லை. நிறுத்தச் சொல்லவில்லை.

வாங்கியவை: புதுப் பால் சட்டி. மஞ்சள் கொத்து. மேஸ்திரிக்கு வேட்டி சட்டை, வெற்றிலை பாக்கு. ஒரு பாவாடை சட்டை, ஆறு வயசு அளவு, ஊதா. புதுத் தீப்பெட்டி. தைலம்.

பாபுவும் ஷர்மிளாவும் கிசுகிசுவென்று சிரிக்கிறார்கள். தாங்கள் ஜெயித்ததாக நினைப்பு.

ஒன்று மட்டும் தீர்மானம். முதல் பேச்சு அவளுடையது. "அம்மா" என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரட்டும், தெரு பார்க்க. தீப்பெட்டியை அவள் கையில் கொடுத்துவிடுவேன். ஏழு வருஷத்தைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் முதலில் அவள். நான் அல்ல. வாசலில் மாலையோடு நின்றது அவள்தானே, நானா?

மார்ச் 2, ஞாயிறு

ஐந்துக்கு எழுந்து கோலம். அடுப்புக்கு மஞ்சள், குங்குமம். தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள், சொல்லாதவர்களும். விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பால் பார்க்க வந்த கூட்டம் இல்லை அது.

ஏழு இருபதுக்கு வந்தார்கள். பின் சந்து வழியாகத்தான். நான் சொன்ன வழி. மேஸ்திரி வெள்ளைச் சட்டை. கையில் கட்டு. ஒரு பெண் குழந்தை, இரட்டைப் பின்னல். மூக்கு, கன்னியம்மா சொன்னது சரி.

அப்புறம் அவள். இளைத்திருக்கிறாள். சுங்குடிச் சேலை. மஞ்சள் கயிறுதான், சங்கிலி இல்லை. கிணற்றடியில் நின்றாள். நான் தலை முழுகின அதே இடம்.

காத்திருந்தேன். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு வார்த்தைதான். அவள் முகத்தில் அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. வாய் கொஞ்சம் திறந்தது. மூடிக்கொண்டது. எதிர் வீட்டுக்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எப்போது உடைவேன் என்று.

பொறுக்க முடியவில்லை. நான்தான் பேசிவிட்டேன்.

"மேஸ்திரி, யாரு இது? உன் சம்சாரமா?"

பாபு, "அம்மா!" என்றான். என் பெண் சொல்ல வேண்டியதை என் பிள்ளை சொன்னான்.

அவள் என்னைப் பார்த்தாள். அழுகை வந்த வழியே போய்விட்டது.

"ஆமாங்க. மேஸ்திரி சம்சாரம்தான்."

நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை.

"உக்காரு. ஷர்மிளா, மேஸ்திரி சம்சாரத்துக்குப் பேப்பர் கப்புல டீ எட்த்தா."

குழந்தை அவள் சேலையை இழுத்தது. "அம்மா, இந்த ஆயா யாரு?"

"அப்பா வேலை செஞ்ச வூட்டுக்காரம்மா."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

அவள் மேடைக்கிட்டே போனாள். கல்மேல் உள்ளங்கையை வைத்தாள். தோள் தூக்கவில்லை, முதுகு வளையவில்லை. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி.

"நல்லா கட்டிக்கிறாரு" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "நின்னு சமைச்சா இடுப்பு வலிக்காது." பிறகு என் பக்கம் திரும்பி, "மேஸ்திரிக்குக் குட்க்க வேண்டியதக் குட்த்தீங்கன்னா கெளம்பிடுவோம்" என்றாள்.

தட்டை நீட்டினேன். வேட்டி சட்டை, வெற்றிலை பாக்கு. அவன் இரண்டு கையாலும் வாங்கினான். "வர்றோங்க" என்றான். கண் கலங்கியிருந்தது அவனுக்குத்தான். குழந்தை திரும்பித் திரும்பி என்னை முறைத்துக்கொண்டே போனது.

டீ கப் கிணற்றுச் சுவர்மேல். ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை. ஊதாப் பாவாடை உள்ளே அலமாரியில், எடுக்கவே இல்லை.

ஷர்மிளாவைப் பால் காய்ச்சக் கூப்பிட்டேன். கையிலிருந்த குங்குமத் தட்டை டங்கென்று வைத்தாள்.

"உங்களுக்கு முதல் நாளே தெரியும், இல்ல? தெரிஞ்சேதான் அவர் கையைச் சுட வச்சீங்க. நான் காய்ச்ச மாட்டேன் அத்தை. இது என் பால் இல்ல."

முதல் தடவையாக அந்தப் பெண்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. சொல்லவில்லை.

நானே பற்ற வைத்தேன். தீப்பெட்டி இடுப்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. சட்டிக்குள் தெரியாத உயரம். பால் பொங்கியதைப் பார்க்கவில்லை, விறகில் விழுந்து சுர்ரென்ற சத்தத்தில்தான் தெரிந்தது. குலவை போட யாரும் இல்லை. கூட்டம் போய்விட்டிருந்தது.

மார்ச் 3, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. சாம்பல்.

மார்ச் 4, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. மீன்காரி நெத்திலிக் கருவாடு கொடுத்தாள். கத்தரிக்காய் நாலு. புளி ஊற வைத்தேன்.

கன்னியம்மா வந்தாள், மறந்துபோன சல்லடையை எடுக்க. உட்காரவில்லை. "மேஸ்திரி இன்னா பண்றாரு?" என்று கேட்டேன். "திருவொத்தியூர்ல வேலை" என்றாள். வேறு எதுவும் கேட்கிறாயா என்கிற மாதிரி நின்றாள். கேட்கவில்லை. போய்விட்டாள்.

நின்று சமைத்ததில் வலது தோள் இறங்கவே இல்லை. குழம்பு பாதி கொதியில் கரண்டி கை நழுவிச் சட்டிக்குள் போய்விட்டது. பாபு பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற ஆளக் கூட்டியாரவா? மேடைய நாலு விரல் எறக்கிக் குட்த்துடுவான். ஒரே நாள் வேலை."

"அந்தக் கல்லுல எவன் கையும் படக் கூடாது."

"அப்ப எப்டித்தான் ஆக்குவ?"

கொட்டகைக்குப் போனேன். சாத்தி வைத்தது சாத்தியபடியே இருந்தது. பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தேன். உள்ளே வார்னிஷ் வாசனை அப்படியே இருக்கிறது. நாலு மூலைக்கும் பித்தளைப் பூ. தூக்கி வந்து அடுப்புக்கு முன்னால் போட்டேன்.

வசந்தியின் மணை. நாலு விரல் உயரம்.

ஏறி நின்றேன். கை எட்டியது.